நீந்தத் தெரியாத போசோ

என் புருஷன் பெக்காயே கொந்தாவோவுக்கு நீச்சல் தெரியாது. வேறு சாதியில் பிறந்திருந்தால் இது ஒரு சங்கதியே இல்லை. நாங்கள் போசோக்காரர்கள், ஆற்றை நம்பிப் பிழைக்கிற மீன்பிடிச் சாதி. எங்கள் பிள்ளைகள் நடக்கிறதுக்கு முன்னாலேயே நீந்தும். ஆறு எங்களுடையது, மற்ற சாதிக்காரர்கள் எங்களிடம் கேட்டுத்தான் குடிக்கிறார்கள் என்று எங்கள் ஆம்பிளைகள் பேசிக்கொள்வார்கள். குடிக்கிறவர்களுக்கு அது தெரியாது, அது வேறு.

நீந்தத் தெரியாத அந்த மனுஷன் முப்பத்து மூன்று வருஷம் பானி ஆற்றில் படகு ஓட்டினார். வியாழக்கிழமைதோறும் எங்கள் ஊர் தினாமாவிலிருந்து மொப்தி சந்தைக்கு. ஒரு ஆள் முழுகவில்லை. கடைசியில் வயிற்று நோவு வந்து, கட்டிலில் படுத்து, நன்றாகக் காய்ந்த உடம்போடு செத்தார்.

அவருக்கு நீச்சல் வராமல் போனது அவர் அப்பா செய்த வேலை. ஐந்து வயசில் பிள்ளையைக் குர்ஆன் ஓத அனுப்பினார். அனுப்பின ஊரில் தண்ணீர் கிணற்றில் மட்டும்தான் இருக்கும், அதுவும் கயிறு முழுக்கப் போனால்தான். பதினொரு வருஷம் அங்கே பலகையில் எழுதி, வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கித் தின்று, பதினாறு வயசில் திரும்பி வந்தார். பதினாறு வயசு ஆம்பிளை, குஞ்சு குளுவான்களோடு கரையில் இறங்கிக் காலை அடித்துக் கற்றுக்கொள்வானா? மானம் விடவில்லை. படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். அதற்குத் தண்ணீரில் இறங்க வேண்டாம். இறங்காமல் இருப்பதுதான் அந்தத் தொழிலே.

எனக்கு இது தெரிந்தது கல்யாணமாகி மூன்றாவது மாசம். கரையில் சாமான் கழுவிக்கொண்டிருந்தேன். என் அம்மா கொடுத்த சுரைக்குடுக்கை கை நழுவி மிதந்து போனது. அவர் பக்கத்தில்தான் நின்றார். கணுக்கால் அளவுக்கு இறங்கினார், நின்றார், குடுக்கையைப் பார்த்தார்.

"போகட்டும் விடு. புதுசு வாங்கிக்கலாம்" என்றார்.

நாலு எட்டு வைத்தால் கையில் கிடைக்கும். ஒரு போசோ ஆம்பிளை சுரைக்குடுக்கையை ஆற்றுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறான். நான் இடுப்புத் துணியைச் சொருகிக்கொண்டு குதித்து, எடுத்துக்கொண்டு வந்தேன்.

"உனக்கு நீந்த வராதா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசு."

"அப்ப படகு கவுந்தா?"

"கவுக்கக் கூடாது" என்றார்.

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. படகு அவருடையது இல்லை, அவருடைய பெரியப்பா சினாலியுடையது. சங்கதி வெளியே வந்தால் சினாலி மாமா அன்றைக்கே சுக்கானைப் பிடுங்கி என் கொழுந்தன் யாயாவிடம் கொடுத்துவிடுவார். யாயா மீன் மாதிரி நீந்துவான். மீனுக்கு இருக்கிற மூளைதான் அவனுக்கும். சுக்கான் போனால் அவருக்கு வேறு தொழில் கிடையாது. வலை வீசவும் இறங்க வேண்டுமே.

அதனால் அவர் கவுக்காமல் ஓட்டினார். படகின் இரண்டு பக்கமும் வெளியே தாரால் ஒரு கோடு இழுத்தார். ஆட்களும் கூடைகளும் ஏற ஏறப் படகு இறங்கும். கோடு தண்ணீரைத் தொட்டதும் பலகையை இழுத்துவிடுவார். அதற்குப் பிறகு அவருடைய சொந்த மாமியார் வந்தாலும் கரையில்தான். வந்தாள், நின்றாள், ஒரு வருஷம் பேசவில்லை. பாய்க்கூரை மேல் யாரும் உட்காரக் கூடாது. ஓடும்போது எழுந்து நிற்கக் கூடாது. டீ அடுப்பு பெட்ரோல் கேனுக்கு எதிர்முனையில், மணல் போட்ட தட்டில்தான். கிழக்கே புழுதி எழும்பினால் உடனே கரை ஒதுங்கிவிடுவார், பின்னால் வருகிற படகுகள் எல்லாம் கேலி பேசிக்கொண்டு தாண்டிப் போகும். பானி ஆறு பெரிய ஆற்றோடு சேருகிற இடத்தில் இரண்டு தண்ணீரும் மோதிக்கொள்ளும். அங்கே வந்தால் வாயைத் திறக்க மாட்டார், எங்களையும் திறக்க விடமாட்டார்.

ஊரில் அவரை ஓதினவர், அதனால் கொஞ்சம் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். எங்களைப் போல் மீன் விற்கிற பொம்பளைகளுக்கு அவர் படகுதான் பிடிக்கும். உயிர் மேல் ஆசையால் இல்லை. புகை போட்ட மீனில் ஆற்றுத் தண்ணீர் பட்டால் இரண்டே நாளில் புழுத்துவிடும். அவர் படகில் மீன் நனையாது.

அனாயேவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் டோகோன்காரன். மலையிலிருந்து கழுதை வண்டியில் காய்ந்த வெங்காய உருண்டை கொண்டுவந்து, ஆற்றோர ஊர்களில் விற்றுக்கொண்டே மொப்தி வரைக்கும் எங்கள் படகில் வருவான். டோகோனும் போசோவும் ஆதி காலத்திலிருந்து முறைக்காரர்கள். அவன் என்னை என்ன திட்டினாலும் எனக்குக் கோபம் வரக் கூடாது. நான் அவனை என்ன திட்டினாலும் அவனும் சிரிக்க வேண்டும். முறைக்காரன் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லவும் கூடாது. கோபப்பட்டாலோ இல்லை என்றாலோ குடும்பத்துக்கு ஆகாது. அதனால் என் புருஷன் வியாழக்கிழமைதோறும் அனாயேவுக்கும் அவன் மூட்டைகளுக்கும் இடம் விட்டுத்தான் கோட்டைப் பார்ப்பார். அவன் வராவிட்டால் அந்த இடம் காலியாகவே போகும்.

ஒரு கோடையில் மொப்தியிலிருந்து திரும்பி வருகிறோம். ஆறு வற்றிக் கிடந்தது. படகில் நாங்கள் இரண்டு பேரும் அனாயேவும்தான். படகு மணல் திட்டில் முட்டிக்கொண்டது. என் புருஷன் கழியை ஊன்றித் தள்ளினார். படகு நகர்ந்தது, கழி நகரவில்லை. அவர் கழியை விடவில்லை. தொப்பென்று தண்ணீரில் விழுந்தார்.

கையையும் காலையும் அடிக்கிறார், கண்ணை உருட்டுகிறார், தண்ணீரைக் குடிக்கிறார். நான், "எழுந்து நில்லுய்யா! எழுந்து நில்லு!" என்று கத்துகிறேன். மார் அளவுத் தண்ணீர்தான். அவர் காதில் அது ஏறவில்லை. அனாயேவுக்கும் நீச்சல் தெரியாது. மலையில் பிறந்தவனுக்கு எங்கே தெரியும்? ஆனால் அவன் இறங்கி நின்றான். நடந்து போனான். என் புருஷனைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

இரண்டு பேரும் மார் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"மச்சான்" என்றான் அனாயே, "எனக்கு அல்லா இவ்வளவு பெரிய வரம் கொடுப்பான்னு நான் நினைக்கவே இல்ல."

அன்றைக்கு என் புருஷன் சாப்பிடவில்லை. சங்கதி ஊர் ஏறிவிட்டது, சுக்கான் போய்விட்டது என்று உட்கார்ந்திருந்தார். அடுத்த வியாழக்கிழமை அனாயே துறைக்கு வந்ததுமே, அறுபது பேருக்கு நடுவில் கத்தினான்: "ஏ மீன் நாத்தம் பிடிச்சவனுங்களா! உங்க பெக்காயேக்கு நீந்தவே தெரியாது! மார் அளவு தண்ணியில முழுகிக்கிட்டிருந்தான், இந்த டோகோன்காரன்தான் தூக்கிவிட்டேன்!"

துறையே உருண்டு சிரித்தது. டோகோன்காரன் போசோக்காரனைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றினானாம்! இதைவிட நல்ல கேலியை யாரும் கேட்டதில்லை. என் புருஷன் சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "நீ போடா வெங்காயத் தலையா" என்றார். இன்னும் சிரித்தார்கள்.

இப்படியே பதினேழு வருஷம் போனது. வாராவாரம் அவன் உண்மையைக் கத்துவான், ஊர் சிரிக்கும். நிஜத்தை ஒளித்துவைக்க டோகோன்காரன் வாயைவிடப் பத்திரமான இடம் இல்லை.

அப்புறம் அந்த பக்ரீத் வந்தது. பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை, ஆறு கரை தளும்ப ஓடுகிறது. பொம்பளைகள் எல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அனாயே ஆறு மூட்டையோடு ஏறிவிட்டான். கோடு தண்ணீரைத் தொட்டுவிட்டது. பலகையை இழுக்கப் போகிற நேரத்தில் சினாலி மாமா, யாயாவையும் எட்டு ஆட்டுக் கடாக்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி தண்டி.

"ஏத்து" என்றார் மாமா.

"பெரியப்பா, கோடு தண்ணியைத் தொட்டுடுச்சு."

"கோடு நீ போட்டதுதானே? ஒரு சாண் மேலே இன்னொண்ணு போடு."

"கோட்டை மாத்தலாம், பெரியப்பா. தண்ணியை மாத்த முடியாது."

"ஏண்டா, என் படகுல என் கடாவுக்கு இடமில்ல, மலைக்காரன் வெங்காயத்துக்கு இடமிருக்கா?"

"முறைக்காரன் கேட்டான். இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

அனாயே சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காதே. மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு வழக்கம்போலக் கத்தினான். "சினாலி, அவன் பயந்து சாகறான்! அவனுக்கு நீச்சல் தெரியாதுன்னு பதினேழு வருஷமா தொண்டை கிழியச் சொல்றேன், ஒரு மீனாவது கேட்டுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் அவர் சொல் நிற்கவில்லையே, அந்த எரிச்சல்.

"நல்லது" என்றார். "இவன் வாயை இன்னைக்கு மூடிடுவோம். பெக்காயே, குதி. அதோ விறகுப் படகு நிக்குது பாரு, அதைத் தொட்டுட்டு வா. நீ வந்ததும் நானே என் கடாவைத் திருப்பி ஓட்டிட்டுப் போறேன். குதிக்கலைன்னா சுக்கானை யாயா கிட்ட கொடு."

"குதிண்ணே!" என்றான் யாயா. "கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

விறகுப் படகு நூறு கை தூரத்தில் நின்றது. நடுவில் மூன்று ஆள் ஆழம்.

நான் எழுந்தேன். "மாமா, அவருக்குக் காதுல சீழ் வடியுது. தண்ணி படக் கூடாது."

"பஞ்சு வெச்சுக்கிட்டு குதிக்கட்டும்."

அப்போதுதான் அனாயே என் புருஷன் முகத்தைப் பார்த்தான். மூட்டையிலிருந்து குதித்து இறங்கி வந்தான். "நான் பொய் சொன்னேன்!" என்று கத்தினான். "சினாலி, நான் பொய்யன்! டோகோன்காரன் என்னைக்கு நிஜம் பேசியிருக்கான்? இவன் மீன்! இவன் ஆத்தா மீன்! இவன் முழுகவே இல்ல, நான்தான் முழுகினேன்!"

பதினேழு வருஷத்தில் அவன் சொன்ன முதல் பொய் அது. அதற்கும் துறை சிரித்தது.

என் புருஷன் செருப்பைக் கழற்றினார். குதித்தே விடுவார் போல, ஓட்டின படகுக்கு முன்னாலேயே சாகப் போகிறார் என்று நினைத்தேன். இடுப்புத் துணியை இறுக்கி முடிந்துகொண்டேன், பின்னாலேயே குதிக்க. அவர் படகின் விளிம்பு வரை போய், தண்ணீரைப் பார்த்தார். திரும்பி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"அனாயே சொல்றது நிஜம், பெரியப்பா. எனக்கு நீந்த வராது. எப்பவுமே வராது."

இதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சுக்கான் கட்டையை விட்டுவிட்டுப் பலகையில் நடந்து கரைக்கு இறங்கினார். அதற்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

யாயா பின்முனையில் போய் உட்கார்ந்தான். எட்டுக் கடாக்களையும் ஏற்றினார்கள். கோடு நாலு விரல்கடை தண்ணீருக்குள் போய்விட்டது. அனாயே ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் இறக்கினான். திரும்பி வந்து இன்னொன்றை எடுத்தான்.

"உனக்கென்னய்யா வந்துச்சு?" என்றாள் தாதோ. அவளும் என்னைப் போல மீன் விற்கிறவள். வாய் என்னைவிடப் பெரிசு.

"நீந்தத் தெரிஞ்சவன் ஓட்டற படகுல நான் வரமாட்டேன்" என்றான் அனாயே.

"என்ன உளர்றே?"

"உளறலம்மா. படகு கவுந்தா யாயா நீந்திப் போயிடுவான், பொண்டாட்டி ஆக்கின சோத்தை வீட்ல உக்காந்து தின்பான். நான் என் வெங்காயத்தோட அடியில கிடப்பேன். என் மச்சான் ஓட்டினா எனக்கு முன்னாடி அவன்தான் சாவான். அவன் எப்படி கவுக்க விடுவான்?"

தாதோ என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, இத்தனை வருஷமா நீந்தத் தெரியாதவன் கையிலயா எங்களை ஏத்தி அனுப்பினே?"

"ஆமா."

"உனக்கு வெக்கமா இல்ல?"

"உன் மீன் ஒரு தடவையாவது நனைஞ்சுதா?"

அவள் யோசித்தாள். தாதோ யோசிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை, முகம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். பிறகு பின்முனையைப் பார்த்துக் கேட்டாள்: "தம்பி யாயா, வழியில இது கவுந்தா நீ நீந்திடுவியா?"

யாயா பல்லெல்லாம் தெரியச் சொன்னான்: "நான் நீந்திடுவேன்க்கா! என்னைப் பத்திக் கவலையே படாதே!"

தாதோ எழுந்து தன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அவள் இறங்கினாள், நான் இறங்கினேன், மற்ற மீன்காரிகள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். திட்டு யாருக்கென்று அவர்களுக்கே தெரியவில்லை. ஆம்பிளைகள் இறங்கவில்லை. ஆம்பிளைகளுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது, அது நனைந்தாலும் பரவாயில்லை. நாங்கள் இறங்கினதும் படகு தூக்கிக்கொண்டது. கோடு மறுபடியும் வெளியே தெரிந்தது. யாயா நல்லபடியாக மொப்தி போய்ச் சேர்ந்தான். கோடு போடாமலே ஓட்டலாம் என்பதற்கு அதுதான் சாட்சி என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அந்த வாரம் நாங்கள் சந்தைக்குப் போகவில்லை. பண்டிகைக்கு வீட்டில் எண்ணெய் கிடையாது, புதுத் துணி கிடையாது. என் புருஷன் தொழுகைக்குக் கூடப் பின் வரிசையில் நின்றுவிட்டு, முதல் ஆளாக வீட்டுக்கு வந்துவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு அடுத்தவர்களுடைய வலையைப் பின்னினார். அனாயே மலைக்குப் போகாமல் எங்கள் வாசலிலேயே கிடந்தான்.

"என்னை ஒரு அறை அறைஞ்சுடு மச்சான்" என்பான்.

"முறைக்காரனை அடிக்கக் கூடாது."

"அப்ப திட்டவாவது திட்டு."

"மனசு வரல."

"போச்சு" என்றான் அனாயே என்னிடம். "ஆள் நிஜமாவே செத்துட்டான்."

அடுத்த வியாழக்கிழமை யாயா படகைத் துறையில் கட்டிக்கொண்டு நின்றான். நாங்கள் கரை நெடுகக் கூடைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

"ஏறுங்க" என்றான்.

"வெயில் வரட்டும்" என்றாள் தாதோ.

வெயில் வந்தது. "இப்ப ஏறுங்க."

"வெயிலா இருக்கே" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து சினாலி மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் பின்னாலேயே போனேன். அவர் உட்காரவில்லை.

"பொம்பளைங்க ஏறமாட்டேங்கறாளுங்க."

என் புருஷன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் காலத்துல பொம்பளைங்க ஏறுன்னா ஏறுவாளுங்க." துறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சரி. வந்து ஓட்டு. ஆனா நீந்தக் கத்துக்கோ. வெளிய தெரியாம நானே சொல்லித் தர்றேன். எனக்கு அசிங்கமா இருக்குடா. நம்ம குடும்பத்துல பூனை கூட நீந்தும்."

"வேண்டாம், பெரியப்பா."

"ஏன்?"

"கத்துக்கிட்டா பயம் விட்டுப் போயிடும். அப்புறம் உங்க கடாவை எல்லாம் ஏத்திடுவேன்."

வாசலில் அனாயே, "திட்டிட்டான்! பெரியவரையே திட்டிட்டான்! ஆள் பிழைச்சுட்டான்!" என்று குதித்தான். மாமா அவனை மீன் முள்ளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, துறைக்குப் போய் யாயாவை எழுந்திருக்கச் சொன்னார்.

அதற்கப்புறம் பதினொரு வருஷம் என் புருஷன் ஓட்டினார். ஒளிக்க ஒன்றும் இல்லாததால் வெட்கமும் போய்விட்டது. இருபது லிட்டர் காலி எண்ணெய் கேன்கள் இரண்டை மூடி இறுக்கி, கயிறு கட்டி, இடுப்பில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக மாட்டிக்கொண்டு சுக்கானில் உட்காருவார். மஞ்சள் கேன். எதிரே வருகிற படகுக்காரர்கள், "எண்ணெய் என்ன விலை?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். "ஊத்தித் தர்றதில்ல" என்று இவரும் பதில் சொல்வார். மூன்றாவது மாசம் தாதோ தனக்கொன்று கேட்டாள். முழங்கால் வலியாம், நீந்த முடியாதாம். பிறகு எல்லாருக்கும் முழங்கால் வலித்தது.

மறு பக்ரீத்துக்கு சினாலி மாமா ஒரே ஒரு கடாவோடு, பொழுது விடிந்ததுமே வந்து, கோடு தண்ணீரைத் தொடுகிறதுக்கு முன்னால் வரிசையில் நின்றார். கடாவின் கழுத்தில் ஒரு மஞ்சள் கேன் தொங்கியது.